அண்ணன் மனையில் ஒரு பாறை

எதைப் பார்த்தாலும் மில்லிமீட்டரில் அளந்து பேசுகிறாளே என்று அண்ணன் ஒருநாள் கேலியாக 'மில்லி' என்று கூப்பிட, அதுவே அவளுக்குப் பெயராக நிலைத்துவிட்டது. வெளியாட்கள் முன்னால் அப்படிக் கூப்பிட்டால் அவர்கள் வேறு எந்த மில்லியையோ நினைத்துக்கொண்டு ஒரு மாதிரி பார்க்கிறார்கள் என்று அண்ணியும் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். அண்ணன் கேட்டால்தானே.

மில்லிக்கு வீட்டு வரைபடம் போடுகிற வேலை. கையில் பென்சில் பிடித்த காலமெல்லாம் போய், கணினிக்குள்ளேயே வீட்டைக் கட்டி, கதவைத் திறந்து, உள்ளே நடந்து காட்டுகிற மென்பொருளில் அவள் கை பழகியிருந்தது. வாடிக்கையாளர்கள் வந்து உட்கார்ந்தால் சமையலறையைக் கேட்பார்கள், ஜன்னலைக் கேட்பார்கள், காலை வெயில் எந்த மூலையில் விழும் என்று கேட்பார்கள். அஸ்திவாரத்தைப் பற்றி யாரும் வாய் திறந்ததில்லை. அவளுக்கும் அது ஒரு நிமிஷ வேலைதான். பட்டியலில் 'ஹாலோ பிளாக் அஸ்திவாரச் சுவர்' என்பதைத் தேர்ந்தெடுத்து, உயரமும் கனமும் கொடுத்து ஒரு தட்டுத் தட்டினால், சாம்பல் நிறக் கற்களால் அடுக்கிய சுவர் வீட்டுக்கு அடியில் சமர்த்தாக வந்து நின்றுகொள்ளும். சில நேரம் கை தவறி, பார்வைக் கோணம் தரைக்குக் கீழே போய்விடும். அங்கிருந்து பார்த்தால் வீடு அந்தரத்தில் தொங்கும். சுற்றிலும், கீழேயும், வெறும் மங்கல் சாம்பல். சட்டென்று மேலே இழுத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

அண்ணன் பஸ் ஓட்டுகிறவர். அண்ணி பள்ளிக்கூடச் சீருடைகள் தைப்பவள். மில்லிக்குக் கல்யாணம் அமையவில்லை. அதை நினைத்து அவள் உருகியதுமில்லை. மூவரும் ஒரு வாடகை வீட்டில், துணிக்கட்டுகளுக்கு இடையே வழி பண்ணிக்கொண்டு நடந்து காலம் தள்ளினார்கள். கடைசியில் அண்ணன் ஒரு சரிவான தெருவின் நடுவில் மனை வாங்கினார். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கும் மனை. மேல்பக்கம் தெருவோடு தெருவாக வாசல். சரிவுப் பக்கம் பாதி மண்ணுக்குள் புதைந்த ஒரு கீழறை. கீழறை அண்ணிக்கு. பெரிய வெட்டுமேஜை ஒன்று போட்டு, துணியை விரித்து, குனிந்து முதுகு ஒடியாமல் நின்றபடி வெட்ட வேண்டும் என்பது அவளுடைய ரொம்ப நாள் ஆசை. மாடியில் ஜன்னலோரமாக ஒரு அறை மில்லிக்கு.

ஊரார் வீட்டுக்கே மில்லி கணக்குப் பார்த்தவள், சொந்த வீட்டுக்கு விடுவாளா? இந்த முறை அஸ்திவாரத்தை ஒரு தட்டில் முடிக்கவில்லை. கணினியில் தெரியும் கல்சுவர் உண்மையில் கல்லே இல்லை, சுவருக்கு மேல் போர்த்திய படம் அது. மூலை எங்கே முடிந்தாலும் கல்லை நறுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அவள் அப்படி விடாமல் சுவரின் நீளத்தையும் உயரத்தையும் முழுக்கல், அரைக்கல் கணக்கில் திருத்தித் திருத்தி, ஒரு கல்லைக்கூட உடைக்க வேண்டாதபடி அமைத்தாள். அதை மேஸ்திரியிடம் காட்டினாள். அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

"உடைகல்லே இல்லாத சுவரா? நல்லாத்தான் இருக்கு. மண்ணு ஒத்துக்கிட்டா சரி."

மண் ஒத்துக்கொள்ளவில்லை.

பொக்லைன் வண்டி வந்து தோண்ட ஆரம்பித்த மறுநாள், மில்லி அலுவலகத்தில் யாருடைய வீட்டுக்கோ மாடிப்படி போட்டுக்கொண்டிருந்தபோது அண்ணன் கூப்பிட்டார். ஒரு கல் குறுக்கே வந்திருக்கிறது என்றார். எவ்வளவு பெரிசு என்று கேட்டாள். நாற்காலி அளவு என்றார். எடுத்துப் போட்டுவிடச் சொன்னாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, நாற்காலி இல்லை, கட்டில் அளவு என்றார். மாடிப்படியில் நாலு படிகூட வரைந்திருக்க மாட்டாள், மூன்றாம் முறை போன் வந்தது. அண்ணன் குரல் இறங்கியிருந்தது.

"இனிமே நான் எதுவும் சொல்றதா இல்ல. நீயே வந்து பாரு."

அவள் போனாள். இத்தனை வருஷ வேலையில் தோண்டிய குழிக்குள் அவள் இறங்கியதே இல்லை. தேவை வந்ததில்லை, வரைபடம்தான் போகும், அவள் போகமாட்டாள். மண்ணில் வெட்டியிருந்த சரிவுப் பாதையில், அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினாள். இறங்க இறங்கத் தெருச் சத்தம் மேலேயே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் வெட்டுப்பட்ட மண் தலைக்கு மேல் நின்றது. அடுக்கடுக்காக நிறம் மாறி, நடுவில் அறுந்த வேர்கள் துருத்திக்கொண்டு, ஈர வாசனையோடு இருந்தது. கணினியில் அவள் வைத்த அதே ஆழம்தான். எண்ணாகத் தட்டச்சு செய்தபோது அது இப்படி அண்ணாந்து பார்க்க வைக்கும் என்று தோன்றியதே இல்லை.

குழியின் பாதியை அடைத்துக்கொண்டு பாறை கிடந்தது.

கரும்பச்சை நிறம். உருண்டு திரண்டு, படுத்த யானையின் முதுகுபோல மேட்டிலிருந்து இறங்கி வந்து, கீழறை வரவேண்டிய இடத்தின் நடுவில் தோளைத் தூக்கிக்கொண்டு, மறுபடி மண்ணுக்குள் போய்விட்டது. அதன் குறுக்கே ஒரு வெள்ளைக் கீற்று ஓடியது. யாரோ ஈரச் சுண்ணாம்பில் விரலைத் தோய்த்து இழுத்தாற்போல. அப்போதுதான் மண் விலகியிருந்ததால் மேனியெல்லாம் ஈரம் மின்னியது. பொக்லைன் ஓட்டுநர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

மில்லி பழக்கதோஷத்தில் கைப்பையிலிருந்து டேப்பை எடுத்தாள். இழுத்தாள். எங்கே வைத்து எங்கே முடிப்பது என்று தெரியவில்லை. டேப்பைச் சுருள விட்டுவிட்டு உள்ளங்கையைப் பாறைமேல் வைத்தாள். சில்லென்று இருந்தது. இது மண்ணுக்கு வெளியே வந்தே ஒரு மணி நேரம்தான் ஆகியிருக்கும். வெயில் என்று ஒன்று இருப்பது இதற்கு இன்றைக்குத்தான் தெரியும். அந்த நினைப்பு வந்ததும் அவளுக்கு முழங்கையிலிருந்து மயிர்க்கூச்செறிந்தது. ஏனென்று அவளுக்கே விளங்கவில்லை.

அண்ணிதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"மலையைக் கெல்லி எலியப் பிடிப்பாங்கன்னு சொல்லுவாங்க. நாம எலி வளை தோண்டி மலையப் பிடிச்சிருக்கோம்."

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. உடைத்துவிடலாம் என்றார். பாறை உடைக்கும் உளி பொருத்திய வண்டி வந்தது. காது செவிடாகும்படி அரைநாள் இடித்தது. கடைசியில் புழுதி அடங்கிப் பார்த்தபோது, பாறையின் தோளில் சாக்பீஸால் தொட்டு வைத்ததுபோல் நாலைந்து வெள்ளைப் புள்ளிகள். இயந்திரத்தின் உளி முனைதான் மழுங்கியிருந்தது. அதற்குள் பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேல் தலையை நீட்டி, அலமாரியில் தட்டெல்லாம் ஆடுகிறது, சுவர் விரிசல் விட்டால் யார் பொறுப்பு என்று கேட்டாள். நியாயமான கேள்வி. வெடி வைக்கலாமா என்று அண்ணன் கேட்டதற்கு, சுற்றிலும் வீடுகளை வைத்துக்கொண்டு அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள் என்றார் மேஸ்திரி. வீட்டைத் தள்ளிப் போடவும் மனையில் இடமில்லை. ஒரு வாரம் வேலை நின்றது. அண்ணன் பஸ்ஸை ஓட்டிவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பார். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டதே என்பார். மனையை விற்றுவிடலாமா என்றுகூட ஒருநாள் கேட்டார்.

அன்றைக்கு அண்ணி தையல் மெஷினை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். அந்த அறையில் வெட்டுமேஜை போடவேண்டும் என்று ஆசைப்பட்டவள் அவள். பாறையோ சரியாக மேஜை வரும் இடத்தில்தான் உட்கார்ந்திருந்தது. அவள் அழுவாளோ என்று மில்லி பயந்தாள்.

"அதை எதுக்குங்க வெளிய தள்ளணும்? அது முதல்ல வந்தது. நாமதான் விருந்தாளி. கொஞ்சம் ஒதுங்கி உக்காந்துக்கலாம்."

"ஒதுங்கறதுன்னா எப்படி?" என்றார் அண்ணன்.

அண்ணி மில்லியைப் பார்த்தாள். மில்லிக்கு அப்போது பதில் தெரியாது. ஆனால் தெரிந்தவரைத் தேடிப் பிடித்தாள்.

அவளுடைய அலுவலகத்துக்கு எப்போதாவது வந்து கட்டடக் கணக்குகளைச் சரிபார்த்துக் கொடுக்கும் இன்ஜினியர் அம்மா ஒருவர் இருந்தார். கட்டையாக, கண்டிப்பாக, அதிகம் பேசாதவராக இருப்பார். அவர் குழிக்குள் இறங்கி, ஒரு சின்னச் சுத்தியலால் பாறையைத் தட்டிக்கொண்டே ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை போனார். ஒவ்வொரு தட்டுக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டார். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி 'ணங்' என்றது. எங்கேயும் பொத்தல் சத்தம் இல்லை, விரிசல் இல்லை. பிறகு மேலே வந்து கையைத் துடைத்துக்கொண்டு, அஸ்திவாரத்துக்குக் கீழே எல்லோரும் எதைத் தேடிப் போகிறார்களோ அது உங்களைத் தேடி மேலே வந்திருக்கிறது, இதன்மேலேயே சுவரை நிறுத்துங்கள் என்றார். மண்ணில் நிற்க வேண்டிய சுவர்ப்பகுதியையும் இன்னும் தோண்டி இதே பாறையில்தான் இறக்க வேண்டும். பாதி பாறையிலும் பாதி மண்ணிலும் நின்றால் வீடு ஒரு பக்கம் அமுங்கும். பாறையின் வளைவில் படிப்படியாகக் கான்கிரீட் திட்டுகள் போட்டு, பாறையைத் துளைத்துக் கம்பி நட்டு, அந்தத் திட்டுகளின் மேல் கல் அடுக்க வேண்டும். ஒவ்வொரு படியும் எந்த உயரத்தில் வருகிறது என்று படம் வேண்டும். படம் இல்லாமல் ஒரு கல்கூட வைக்கக் கூடாது.

மில்லி லீவு போட்டாள்.

பாறை முழுவதும் வெளிப்படும்வரை மேஸ்திரியின் ஆட்கள் மண்ணை வழித்தார்கள். வீட்டுச் சுவர் வரும் கோட்டுக்கு மேல், குழியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நூல்கள் கட்டினார்கள். ரசமட்டம் வைத்து எல்லா நூலையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். மில்லி ஒவ்வொரு நூலிலும் சாண் சாணாக நகர்ந்து தூக்குக்குண்டை இறக்கினாள். குண்டு பாறையைத் தொடும் இடத்தில் அண்ணி குனிந்து டேப்பைப் படித்து அளவைச் சொன்னாள். துணி அளந்து பழகிய கண். இரண்டு நாளில் இருவருக்கும் முட்டி தேய்ந்துவிட்டது. பாறையின் மேல் ஊர்ந்து ஊர்ந்து, அதன் மேடு பள்ளமெல்லாம் அவர்களுக்கு மனப்பாடமாகியது. நீர் வழிந்து வழுவழுப்பான ஓர் இடத்துக்கு 'சறுக்குமரம்' என்றும், பள்ளமாக இருந்த இன்னொரு இடத்துக்கு 'கிண்ணம்' என்றும் அண்ணி பெயர் வைத்தாள். கிண்ணத்தில் எப்போதும் ஒரு கை தண்ணீர் ஊறி நின்றது. அந்தத் தண்ணீருக்குச் சுவர் அடியில் ஒரு வழி விட வேண்டும் என்பதும் அப்படித்தான் தெரிந்தது.

கணினிமுன் உட்கார்ந்தபோதுதான் வம்பு தொடங்கியது. அந்த மென்பொருளுக்குப் பாறை என்றால் தோட்டத்தில் அலங்காரத்துக்கு வைக்கும் கல். அஸ்திவாரச் சுவர் என்றால் அடி தட்டையாக இருக்க வேண்டும். சுவரின் அடி வளைந்து நெளிந்து போகும் என்று சொன்னால் அதற்குப் புரியவேயில்லை. மில்லி முதலில் பாறையை மேடும் பள்ளமுமாக வார்த்து, சுவரை அதன்மேல் நிறுத்தி, பாறை புகுந்த பங்கைச் சுவரிலிருந்து கழிக்கப் பார்த்தாள். கழிந்தது, ஆனால் கற்கள் எலி கடித்த ரொட்டித் துண்டுகள்போல விளிம்பில் தொங்கின. எந்தக் கொத்தனாராலும் அப்படி ஒரு கல்லை வெட்ட முடியாது. அழித்தாள். அடுத்து ஒவ்வொரு சுவரையும் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினாள். ஒவ்வொரு துண்டுக்கும் அடியில் ஒரு கான்கிரீட் திட்டு. ஒவ்வொரு திட்டின் தலையும் முழுக்கல் உயரத்தில் ஏறும், இறங்கும். பாறை உயர்கிற இடத்தில் திட்டு ஒரு கல் ஏறும். இன்னும் உயர்ந்தால் இன்னொரு கல். தூக்குக்குண்டு சொன்ன எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துக்கொண்டே போனாள். தேநீர் ஆறி ஏடு கட்டியது. அண்ணி வந்து எடுத்துப்போய் வேறு போட்டுக் கொண்டுவந்தாள். அதுவும் ஆறியது.

கடைசித் துண்டும் பொருந்தியபோது அவள் பார்வைக் கோணத்தை வேண்டுமென்றே தரைக்குக் கீழே கொண்டுபோனாள்.

சுவர்கள் மேட்டிலிருந்து இறங்கி வந்து, பாறையைக் கண்டதும் படிப்படியாகக் காலைத் தூக்கி, அதன் முதுகில் ஏறி, தோளைக் கடந்து, மறுபக்கம் அதேபோல் மெல்லப் படியிறங்கி, ஆழத்தில் மறுபடி அதே பாறையைப் போய்ப் பிடித்துக்கொண்டன. ஒரு கல்லும் உடையவில்லை. வீடு பாறையை மிதிக்கவில்லை. குழந்தை தகப்பன் முதுகில் ஏறுகிறபோது பிடித்துக்கொள்ளுமே, அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தது. அவள் கை மவுஸை விட்டு விலகி மடியில் கிடந்தது. தான் வரைந்ததுதான். ஆனாலும் தான் வரைந்ததுபோல இல்லை. பாறை சொல்லச் சொல்லத் தான் எழுதிக்கொண்டுபோனதுபோல இருந்தது.

அண்ணி பின்னால் நின்று பார்த்துவிட்டு மில்லியின் தலையில் ஒரு கணம் கையை வைத்தாள். பிறகு போய்விட்டாள்.

வேலை மறுபடி தொடங்கியது. இன்ஜினியர் அம்மா படத்தில் கையெழுத்துப் போட்டார். பாறையில் துளை போட்டுக் கம்பி நட ஆரம்பித்தார்கள். துளையிடும் இயந்திரம் 'டர்ர்' என்று ஓடும். பிறகு கம்பியை இறக்கிச் சுத்தியலால் 'டங்... டங்...' என்று தட்டுவார்கள்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, தெருவின் கீழ்க்கோடியிலிருந்து ஒரு பெரியவர் மூச்சு வாங்கிக்கொண்டு மேடேறி வந்தார். ஒரு கண்ணில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கழற்ற மறந்து அப்படியே நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்தார். கடிகாரம் பழுது பார்ப்பவர். வீட்டுக் கீழறையில் பட்டறை வைத்திருக்கிறார். ரொம்பப் பணிவாக, சண்டைக்கு வரவில்லை என்று முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். சில நாளாக அவர் பட்டறையில் ஏதோ ஒரு கடிகாரம் தப்பாக அடிக்கிறது. எது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. மாட்டியிருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துவிட்டார். எல்லாம் நின்ற பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை. இன்றைக்குத் தெருவில் நடந்து வரும்போது உங்கள் சுத்தியல் சத்தம் கேட்டது, அதே தாளம், என்றார்.

அண்ணனுக்கு நம்பிக்கை வரவில்லை. நடுவில் எத்தனை வீடுகள் இருக்கின்றன. பக்கத்து வீட்டு அம்மாளே கம்பி அடிக்கிற சத்தம் உள்ளே கேட்பதில்லை என்கிறாள். தெருக்கோடியில் எப்படிக் கேட்கும்?

"என் பட்டறைக்குத் தரை போடலைங்க," என்றார் பெரியவர். "வெறும் பலகைதான். பலகைக்குக் கீழே இதே மாதிரி கல்லு."

அவர் குழிக்குள் எட்டிப் பார்த்தார். வெள்ளைக் கீற்றைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார். அங்கேயும் இதேபோல ஒரு வெள்ளைக் கோடு உண்டு என்று மெதுவாகச் சொன்னார்.

மில்லி, ஒன்று செய்து பார்ப்போமா என்று கேட்டாள். பெரியவர் வீட்டுக்குத் திரும்பிப் போவது, பலகையை நீக்கி அங்கே காத்திருப்பது, இங்கிருந்து தட்டுவது, கேட்டால், அவர் அத்தனை தட்டுத் திருப்பித் தட்டுவது. அண்ணி இயந்திரங்களையெல்லாம் நிறுத்தச் சொன்னாள். ஆட்கள் வேலையை விட்டுவிட்டுக் கூடினார்கள். பெரியவர் போய்ச் சேரும்வரை எல்லோரும் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பட்டப்பகல் வெயில். ஒரு ஈ பறக்கிற சத்தம்கூடக் கேட்டது.

மேஸ்திரி சுத்தியலை எடுத்து, பாறையின் தோளில் நிதானமாக மூன்று தட்டுத் தட்டினார்.

மில்லி மண்டியிட்டு, தலைமுடியை ஒதுக்கி, காதைப் பாறையில் வைத்தாள். முதலில் தன் ரத்தம் ஓடுகிற சத்தம்தான் கேட்டது. பிறகு அதுவும் அடங்கியது. பிறகு ரொம்பத் தூரத்திலிருந்து, கீழேயிருந்து, கதவுக்கு அப்பால் யாரோ நகத்தால் தட்டுவதுபோல, மெலிசாக, ஆனால் துளி சந்தேகத்துக்கும் இடமில்லாமல்:

டிக். டிக். டிக்.

அவள் எழுந்திருக்கவில்லை. கண்ணில் நீர் தானாக இறங்கியது; பாறையில் விழுந்து அந்த ஈரத்தோடு சேர்ந்துகொண்டது.

"கேக்குதா?" என்றார் அண்ணன்.

தலையை மட்டும் ஆட்டினாள்.

அப்புறம் ஒவ்வொருவராகப் படுத்துக் கேட்டார்கள். மேஸ்திரி ஐந்து தட்டினார்; ஐந்து வந்தது. பொக்லைன் ஓட்டுநர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். அண்ணன் கடைசியாகப் படுத்தார். பருத்த உடம்பு, பாறையோடு பாறையாக நெடுநேரம் கிடந்தார். எழுந்தபோது முகத்தின் ஒரு பக்கம் முழுக்க மண். அதைத் துடைக்கவும் தோன்றாமல் நின்றார். இதையா உடைக்கச் சொன்னேன் என்று அவர் தனக்குத்தானே கேட்டுக்கொண்டது மில்லிக்கு மட்டும் கேட்டது.

செய்தி தெருவெல்லாம் பரவியது. மேல்கோடியில் இருக்கும் பல் டாக்டர் வந்து, தன் கொல்லையிலும் ஒரு கல் துருத்திக்கொண்டிருக்கிறது, அதில்தான் துணி காயப்போடுகிறேன் என்றார். அங்கேயும் ஆள் நிறுத்தித் தட்டிப் பார்த்தார்கள். அங்கிருந்தும் பதில் வந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் வேலியைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து, என் வீட்டுக்குக் கீழேயும் இருக்குமா என்று கேட்டாள். இருக்கும், கொஞ்சம் ஆழத்தில் என்றார் மேஸ்திரி. இத்தனை வருஷமாக ஒருவர் வீட்டு இலை இன்னொருவர் வாசலில் விழுந்ததற்கெல்லாம் சண்டை போட்ட தெரு அது. அன்றைக்கு எல்லோரும் குழியைச் சுற்றி நின்று, தங்கள் வீட்டுத் தரையைப் பற்றிப் புதிதாகக் கல்யாணமானவர்கள் மாமியார் வீட்டைப் பற்றிப் பேசுவதுபோலக் கூச்சத்தோடு பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் காலை மில்லி கணினியில் வீட்டின் மாதிரியைத் திறந்து, கடிகாரக்காரர் வீட்டையும் பல் டாக்டர் கொல்லையையும் அளந்து குறித்தாள். பாறையைத் தெரு நீளத்துக்கு இழுத்தாள். மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது; எந்தப் பொருளை வைத்தாலும் கேட்கும் கேள்விதான். ஆழம் எவ்வளவு?

அவள் இன்ஜினியர் அம்மாவுக்குப் போன் செய்து கேட்டாள்.

"தெரியாதும்மா," என்றார் அவர். கொஞ்சம் நிறுத்தி, "அங்க கீழே முடியுதுன்னு யார் சொன்னா?" என்றார்.

மில்லி ஆழம் கேட்ட அந்தக் கட்டத்தில், அது ஏற்றுக்கொள்ளும்வரை, ஒன்பது ஒன்பதாக அடித்துக்கொண்டே போனாள். இனி முடியாது என்று அது நின்றபோது சரியென்று தட்டினாள். திரை ஒரு நொடி உறைந்தது. பிறகு முழுப்பொருளும் ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்று அது தானாகவே பின்வாங்கத் தொடங்கியது. வீடு சுருங்கியது. தெரு சுருங்கியது. அவளுடைய மாடி அறை, கீழறை, வாசல் எல்லாம் ஒரு மணலளவாகி, பிறகு அதுவும் தெரியாமல் போயிற்று. திரை முழுக்க, மேலிருந்து கீழ்வரை, பாறை. அதன் உச்சியில் எங்கோ, தூசி ஒட்டியதோ என்று துடைக்கத் தோன்றும் ஒரு புள்ளி.

அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. இத்தனை பெரிசு ஒன்று கீழே இருந்து தாங்கிக்கொண்டிருக்கிறபோது நமக்கு என்ன குறை என்றுதான் தோன்றியது. அண்ணியைக் கூப்பிட்டுக் காட்டினாள். நம்ம வீடு எங்கே என்று அண்ணி கேட்டாள். மில்லி புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். அண்ணி சிரித்துக்கொண்டே திரையருகில் குனிந்து, துணி காயப்போடும் கொடியைக் காணோமே என்றாள்.

கல் அடுக்குகிற வேலை ஆரம்பித்ததும் மில்லி தினமும் அலுவலகம் போகும் வழியில் இறங்கிப் பார்த்துவிட்டுப் போனாள். படத்தில் ஒரு தட்டில் வந்து நின்ற சுவர், இங்கே வரிசை வரிசையாக, கலவை பூசி, கல் வைத்து, கட்டைவிரலால் தட்டி, நூல் பார்த்து, கல்லின் பொந்துக்குள் கம்பி விட்டு, கான்கிரீட் ஊற்றி வளர்ந்தது. பாறை ஏறும் இடத்துக்கு வந்தபோது மேஸ்திரி அவளைக் கூப்பிட்டனுப்பினார். முதல் கல்லை அந்தத் திட்டில் வைத்தார். மட்டம் பார்த்தார். அடுத்த படியில் அடுத்த கல். கீழ்வரிசையின் தலையும் மேல்படியின் திட்டும் ஒரே மட்டத்தில் வந்து சேர்ந்தன. இடையில் கலவைக் கனத்துக்கு மேல் இடம் இல்லை. மேஸ்திரி கொத்துக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அந்தச் சேர்மானத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே இருந்தார். அவரும் இப்படி ஒன்றை இதற்கு முன் கட்டியதில்லை என்றார்.

சுவர் முடிந்ததும், வெளிப்பக்கம் தார் பூசி, மண்ணைத் தள்ளி மூட வேண்டிய நாள் வந்தது. அன்றைக்குத் தெருக்காரர்கள் சொல்லாமலே வந்து நின்றார்கள். இனி அந்தப் பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை. படியேறிப் பாறையைக் கடக்கும் அந்தச் சுவரின் வெளிமுகம் மண்ணுக்குள் போய்விடும். உள்முகத்தை மட்டும் கீழறையில் வைத்துப் பார்க்கலாம். பொக்லைன் முதல் வாரல் மண்ணைத் தூக்கியபோது, அதன் ஓட்டுநர் ஒரு கணம் தயங்கி, அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். அண்ணன் தலையசைத்தார். மண் இறங்கியது.

வீடு முடிய அதற்குப் பிறகு நாள் ஆயிற்று. தச்சர் பாறையைச் சுற்றிக்கொண்டு வளைகிற மாதிரி வெட்டுமேஜை செய்து கொடுத்தார். நேர்மேஜையைவிட இதுதான் வசதி, பாறைக்கும் மேஜைக்கும் நடுவில் நின்றுகொண்டால் மூன்று பக்கமும் கை எட்டுகிறது என்கிறாள் அண்ணி. கிண்ணத்தில் ஊறும் தண்ணீர் சுவரடியில் விட்ட வழியாகச் சத்தமில்லாமல் வெளியே போகிறது.

விடுமுறை நாட்களில் மதியச் சாப்பாடு ஆனதும் அண்ணனைக் காணவில்லை என்றால் கீழே இறங்கிப் பார்க்க வேண்டும். பாறையில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பார். தூங்கவும் மாட்டார், போனைப் பார்க்கவும் மாட்டார். ஒருநாள் மில்லி படியில் நின்று, என்ன அண்ணா பண்ணுகிறீர்கள் என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல," என்றார். பிறகு நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். "வா, உக்காரு. பாறை முதுகுல படற மாதிரி உக்காரு."

அவள் போய் உட்கார்ந்தாள்.